ஜி. என். ராமச்சந்திரன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரதங்களின் வடிவம் பற்றிய பாடத்தில் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்ற சொல் வந்த உடனேயே சில கேள்விகள் எழும். வரைபடத்தைப் பற்றிப் பாதி, அதை வரைந்தவரைப் பற்றிப் பாதி. ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போக வேதியியல் கொஞ்சம் கனக்கும்.

ஜி. என். ராமச்சந்திரன் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன், 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்து, 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்த இயற்பியலாளர். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் பின்னிய சுருள் என்பதை 1954-55இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து முன்வைத்தார். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்பதை ஒரே சதுரத்தில் காட்டும் வரைபடத்தை 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டார். இன்று உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும், அந்த வரைபடத்தில் ஒருமுறை வைத்துப் பார்க்காமல் அதை வெளியிடுவதில்லை.

உடன் பணியாற்றியவர்களுக்கு அவர் 'ஜி.என்.ஆர்.' இங்கும் இனி அப்படியே குறிப்பிடுகிறேன்.

பிறந்தது கேரளம், ஊர்ப்பெயர் திருநெல்வேலிப் பக்கம், வேலை சென்னை என்கிறார்கள். எதுதான் சரி?

மூன்றும் சரி. கோபாலசமுத்திரம் என்பது திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள, அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர். தந்தை எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்ததால் பிறப்பும் பள்ளிப் படிப்பும் அங்கே அமைந்தன. பட்டப் படிப்பு திருச்சி புனித வளனார் கல்லூரியில், இயற்பியலில், 1942இல் முடித்தார். கணிதத்தின் மீதான பிடிப்பு வீட்டிலிருந்தே வந்தது என்று கொள்ளலாம். பிற்காலத்தில் அவர் தொட்ட எல்லாவற்றிலும் அந்தப் பிடிப்பு தெரிகிறது.

அவர் உயிரியலே படிக்கவில்லையாமே? பிறகு மூலக்கூறு உயிரியலாளர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

படிக்கவில்லை என்பது உண்மை. 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் துறையில்தான் சேர்ந்தார். சி. வி. ராமனின் இயற்பியல் துறை அவரை ஈர்த்தது. ராமனும் அந்த மாணவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். படிகங்களில் ஒளியும் எக்ஸ்-கதிரும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே அங்கே அவருடைய ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டத்தை 1947இல் பெற்றபின் கேம்பிரிட்ஜின் கேவென்டிஷ் ஆய்வகத்துக்குச் சென்று, டபிள்யூ. ஏ. வூஸ்டரிடம், படிகங்கள் சிதறடிக்கும் எக்ஸ்-கதிரிலிருந்து அவற்றின் மீள்தன்மை எண்களைக் கணக்கிடும் ஆய்வுக்காக 1949இல் முனைவர் பட்டம் பெற்றார்.

மூலக்கூறு உயிரியல் உருவான காலத்தை நினைவில் வைத்தால் இது விந்தையாகத் தோன்றாது. 1950களில் அந்தத் துறையை எழுப்பியவர்களில் பலர் இயற்பியலாளர்களும் வேதியியலாளர்களும்தான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்ட இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் இயற்பியல் படித்தவரே. உயிர்ப்பொருளின் ஓர் இழையை எக்ஸ்-கதிரில் வைத்து, படச்சுருளில் விழும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவதற்கு அன்று இயற்பியலே கதவாக இருந்தது. 'மூலக்கூறு உயிர் இயற்பியலாளர்' என்பது ஜி.என்.ஆருக்குத் துல்லியமான பெயர். எந்தப் பெயரிட்டாலும் செய்த வேலை ஒன்றுதான்.

கேம்பிரிட்ஜ் வரை போனவர் சென்னைக்கு ஏன் வந்தார்?

முதலில் பெங்களூருக்கே திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியபோது, ராமனின் பரிந்துரையோடு அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது அளவுதான். துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார் ஆய்வுக்கு முழு ஆதரவு தந்தார். கிண்டி வளாகத்தில் எக்ஸ்-கதிர் படிகவியல் ஆய்வகம் எழுந்தது.

அதே ஆண்டு பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்திருந்தார். எந்தப் பெரிய மூலக்கூறை எடுத்துக்கொள்வது என்று ஜி.என்.ஆர். தேடிக்கொண்டிருந்த சமயம் அது. கொலாஜனுக்கு முன்மொழியப்பட்ட அமைப்புகள் எதுவும் நிறைவாக இல்லை என்று பெர்னல் சொன்னது திருப்புமுனையானது. இடமும் கைகொடுத்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன். மாதிரிகளுக்கு அந்த நிலையத்தின் உதவி கிடைத்தது. நல்ல எக்ஸ்-கதிர்ப் படம் தந்த மாதிரிகளில் ஒன்று கங்காருவின் வால் தசைநாண். அதில் இழைகள் ஒரே திசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் புள்ளிகள் கலங்காமல் விழும்.

கொலாஜனில் அவர் கண்டுபிடித்தது என்ன?

அன்று தெரிந்திருந்தவை சில குறிப்புகள் மட்டுமே. புரதச் சங்கிலியின் கண்ணிகள் அமினோ அமிலங்கள். கொலாஜனில் அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின். புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் மிக அதிகம். எக்ஸ்-கதிர்ப் படமோ, பல புரதங்களில் காணப்படும் ஒற்றை இழைச் சுருளாக 1951இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு விளக்கியிருந்த ஆல்ஃபா சுருளின் படத்தைப் போல இல்லை. மூன்றில் ஒன்று என்ற விகிதத்தை ஜி.என்.ஆரும் கர்த்தாவும் தற்செயல் என்று விடவில்லை. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசின் என்று எடுத்துக்கொண்டார்கள். இணையாக நிற்கும் மூன்று சுருள்கள் கொண்ட அமைப்பை 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு சுருளும் ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அமினோ அமிலங்கள் கொண்டது.

அந்த வடிவம் படத்தோடு முழுதும் பொருந்தவில்லை. 1955இல் அதே இதழில் திருத்திய அமைப்பு வந்தது. மூன்று இழைகளும் தனித்தனியே இடப்பக்கமாகச் சுருண்டு, பின் மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று வலப்பக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. நிலவு பூமியைச் சுற்றும்போது எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுவதைப் போல, ஒவ்வோர் இழையும் பொது அச்சைச் சுற்றும்போது தன் கிளைசின் பக்கத்தையே உள்நோக்கி வைத்திருக்கிறது. சுருள் தானும் சுருள்கிறது என்ற இந்த எண்ணம்தான் கொலாஜனின் திறவுகோல். அது இன்றும் நிற்கிறது.

ஏன் கிளைசின்தான்? வேறு அமினோ அமிலம் அங்கே இருந்தால் என்ன ஆகும்?

மூன்று இழைகளுக்கு நடுவில் இடமே இல்லை. ஓர் அமினோ அமிலத்தை மற்றதிலிருந்து வேறுபடுத்துவது அதன் பக்கச்சங்கிலி. கிளைசினின் பக்கச்சங்கிலி ஒற்றை ஹைட்ரஜன் அணு. அந்த நெருக்கத்தில் புகுவது அது ஒன்றுதான். அடுத்த சிறிய அமினோ அமிலமான அலனைனில் ஒரு கார்பன் கூடுதல். அந்த ஒரு கார்பனே அதிகம்.

இதைக் கண்ணால் காட்டிய ஆய்வு 1994இல் வந்தது. பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் கொலாஜனை ஒத்த ஒரு சிறு பெப்டைடில், அதாவது குட்டையான அமினோ அமிலச் சங்கிலியில், நடுவில் ஒரு கிளைசினை மட்டும் அலனைனாக மாற்றிப் படிக அமைப்பைத் தீர்மானித்தார்கள். சுருள் கலைந்துவிடவில்லை, ஆனால் அந்த இடத்தில் மட்டும் பின்னல் தளர்ந்து, இழைகளை நேரடியாகக் கட்டிய ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து பாலமாக நின்றன. உடலில் இதே வகைப் பிழை மரபணு வழியாக வரும்போது எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய் உண்டாகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒரே ஒரு கிளைசின் மாறினாலும் அது போதும்.

கொலாஜன் அமைப்பைக் கண்டுபிடித்தவர்கள் ரிச்சும் கிரிக்கும் என்று ஒரு நூலில் படித்தேன். யார் சொல்வது சரி?

இந்தக் கேள்விக்கு ஊர்ப்பற்றை ஒதுக்கிவைத்துத்தான் விடை சொல்ல வேண்டும். மூன்று இழை என்ற கருத்தும், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற கருத்தும் சென்னையிலிருந்து 1954இல் முதலில் வந்தன. 1955இல் சென்னைக் குழுவின் திருத்தமும், அலெக்சாண்டர் ரிச்-கிரிக் இணையின் அமைப்பும், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கோவன், மெக்கேவின், நார்த் ஆகியோரின் அமைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாயின. மூன்றும் பின்னிய மூவிழைச் சுருள்களே.

வேறுபாடு நுணுக்கத்தில் இருந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இழைகளைக் கட்டுகின்றன என்றது சென்னைக் குழு. ஒன்றுதான் என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். இரண்டு பிணைப்புக்கு இடம் கொடுத்தால் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்காத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன என்பது அவர்களுடைய குறை. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதில் அவர்கள் சொன்னதுதான் நிலைத்தது. மேலே சொன்ன 1994 படிகமும் அதையே காட்டியது. இரண்டாவது கட்டு நீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என்று ஜி.என்.ஆர். 1960களின் பிற்பகுதியில் எழுதினார். கொலாஜனைச் சுற்றியுள்ள நீரின் பங்கு இன்று ஏற்கப்பட்டுள்ளது. எனவே அடிப்படை வடிவத்தின் முதன்மை சென்னைக்கு, நுணுக்கத்தின் துல்லியம் கேம்பிரிட்ஜுக்கு என்று பகிர்ந்துகொடுப்பதே நேர்மை. பல நூல்கள் முதல் பாதியை விட்டுவிடுகின்றன என்பது என் மனக்குறை.

கோபிநாத் கர்த்தாவின் பெயரும் இதே போல் மறைந்துவிடுகிறது. அவர் பின்னர் அமெரிக்கா சென்று, 1967இல் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முப்பரிமாண அமைப்பைத் தீர்மானித்தார். தனியாகவே ஒரு கட்டுரைக்கு உரியவர்.

அணுக்கள் 'அளவுக்கு மீறி நெருங்குகின்றன' என்றால் அந்த அளவு எது?

ஜி.என்.ஆரும் அதையேதான் கேட்டார். குறை சொன்னவர்களுக்கு மறுப்பு எழுதுவதோடு நிற்காமல், பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று, அதுவரை வெளியாகியிருந்த அமினோ அமில, பெப்டைடு படிக அமைப்புகளை எல்லாம் அவருடைய குழு அலசியது. அதிலிருந்து ஓர் அட்டவணை பிறந்தது. ஒவ்வோர் அணு இணைக்கும் இரண்டு எல்லைகள்: வழக்கமாகக் காணப்படுவது ஒன்று, அரிதாகத் தாங்கக்கூடியது மற்றொன்று. இரண்டு ஹைட்ரஜன்களுக்கு 2.0, 1.9 ஆங்ஸ்ட்ராம், இரண்டு கார்பன்களுக்கு 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கொலாஜனுக்காகத் தொடங்கிய இந்த அட்டவணையை எல்லாப் புரதங்களுக்கும் பொருத்திப் பார்த்ததில் வந்ததே வரைபடம்.

ராமச்சந்திரன் வரைபடத்தில் இருப்பது என்ன? ஃபை, சை என்றாலே தலை சுற்றுகிறது.

இரண்டு சீட்டு அட்டைகளை எடுத்து, ஒன்றின் மூலையை மற்றொன்றின் மூலையோடு ஒரு குண்டூசியால் இணைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையும் ஒரு பெப்டைடு பிணைப்பு, அதாவது அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்க்கும் கட்டு. அதில் உள்ள ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் கிடப்பதால் அட்டை வளையாது. குண்டூசி இருக்கும் இடம் ஆல்ஃபா கார்பன், அதாவது பக்கச்சங்கிலி தொங்கும் கார்பன் அணு. சங்கிலியில் தாராளமாகத் திரும்பக்கூடியவை அந்த மூட்டின் இருபுறமும் உள்ள பிணைப்புகளே. நைட்ரஜன் பக்கத்துத் திருப்பம் ஃபை, கார்பனைல் பக்கத்துத் திருப்பம் சை. ஒவ்வொன்றும் −180 பாகையிலிருந்து +180 பாகை வரை போகலாம். ஃபையைக் கிடையச்சிலும் சையை நிலையச்சிலும் வைத்தால் ஒரு சதுரம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு புள்ளியும் மூட்டின் ஒரு நிலை.

இப்போது அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். சில நிலைகளில் ஓர் அட்டையின் ஓரம் மற்றதன் மீது இடிக்கும். மேலே சொன்ன அட்டவணையின்படி இடிக்கும் நிலைகளை எல்லாம் அடித்துவிட்டால், அலனைன் போன்ற அமினோ அமிலத்துக்குச் சதுரத்தில் கால் பாகத்துக்கும் குறைவான இடமே மிஞ்சுகிறது. மிஞ்சிய தீவுகளில் ஒன்றில், ஃபை −57, சை −47 அருகே, ஆல்ஃபா சுருள் அமர்ந்திருக்கிறது; இடப்பக்க மேல்மூலைத் தீவில், பக்கம் பக்கமாக நின்று தாள் போல அமையும் பீட்டா இழைகள். சுருளும் தாளும் புரதங்களில் எங்கும் திரும்பத் திரும்ப வருவதற்கான காரணத்தின் பெரும்பகுதி, மற்ற இடங்களில் நிற்க முடியாது என்பதுதான். ஆற்றல் கணக்கோ குவாண்டம் இயற்பியலோ இல்லாமல், இரண்டு அணுக்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போனதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கணினி இல்லாத காலத்தில் இதை எப்படிப் போட்டார்கள்?

மேசைக் கணக்கு எந்திரங்களை, அதாவது கையால் இயக்கும் கூட்டல் பெருக்கல் எந்திரங்களை, வைத்துத்தான். ஒரு கோண இணையை எடுத்துக்கொண்டு, இரண்டாவது அட்டையிலுள்ள அணுக்களின் ஆயத்தொலைகளைக் கணக்கிட்டு, முதல் அட்டையின் அணுக்களிலிருந்து ஒவ்வொன்றின் தொலைவையும் கண்டு, அட்டவணையோடு ஒப்பிட்டு, 'ஆகும்' அல்லது 'ஆகாது' என்று குறித்துவிட்டு அடுத்த இணைக்குப் போக வேண்டும். இன்று கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கும் இந்த வேலைக்கு அன்று தேவைப்பட்டது பொறுமை.

1963 கட்டுரையில் மூன்று பெயர்கள் உள்ளன. வரைபடத்துக்கு மட்டும் ஒரே பெயர் ஏன்? அந்த ராமகிருஷ்ணன் நோபல் வாங்கியவர்தானே?

இல்லை. 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் 1952இல் பிறந்தவர். கட்டுரை வந்தபோது அவர் பள்ளிச் சிறுவன். கட்டுரையில் இருப்பவர் சென்னைக் குழுவின் சி. ராமகிருஷ்ணன். மூளை நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் வேறொருவரே. ஆனால் கருந்துளை ஆய்வில் பெயர்பெற்ற ஹார்வர்டு வானியற்பியலாளர் ரமேஷ் நாராயண் ஜி.என்.ஆரின் மகன்.

பெயர் சுருங்கியது வழக்கத்தால் நடந்தது. 'மூலக்கூறு உயிரியல் இதழ்' வெளியிட்ட ஐந்தே பக்கக் கட்டுரையில் குழுத் தலைவரின் பெயர் முதலில் இருந்தது. மேற்கோள் காட்டியவர்கள் முதல் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். கணக்கீட்டின் பெரும் சுமையைத் தாங்கியவர்கள் இளையவர்கள் இருவரும்தான். 1968இல் அந்தத் துறையினர் அனைவரும் கையில் வைத்திருந்த நீண்ட மதிப்பாய்வை ஜி.என்.ஆருடன் சேர்ந்து எழுதியவர் சசிசேகரன். பாடம் நடத்துவோர் மூன்று பெயர்களையும் ஒருமுறையாவது சொல்லிவிடலாம். கரும்பலகையில் அதற்கு இடம் இருக்கிறது.

பழைய கட்டுரையில் உள்ள படமும் பாடநூலில் உள்ள படமும் பொருந்தவே இல்லையே?

கோணத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற மரபு இடையில் மாறிவிட்டது. தொடக்கத்தில் நன்றாக நீட்டிய சங்கிலியைப் பூச்சியமாகக் கொண்டு 0 முதல் 360 வரை எண்ணினார்கள். 1970இல் பன்னாட்டு அமைப்புகள் வகுத்த மரபில் அதே நிலை 180 பாகை ஆயிற்று. பழைய படத்தின் எண்களிலிருந்து 180ஐக் கழித்தால் இன்றைய படம் வந்துவிடும்.

கிளைசினுக்கும் புரோலினுக்கும் தனித்தனிப் படம் போடுவது ஏன்?

கிளைசினின் பக்கச்சங்கிலி ஒற்றை ஹைட்ரஜன் மட்டுமே என்பதால் இடிப்பதற்கு ஆள் குறைவு. சதுரத்தில் அதற்குத் திறந்த பரப்பு மற்றவற்றைவிட மிக அதிகம், படமும் நடுப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீராக இருக்கும். சங்கிலி சட்டெனத் திரும்ப வேண்டிய வளைவுகளில் கிளைசின் அடிக்கடி அமர்வது இதனால்தான். புரோலின் நேர் எதிர். அதன் பக்கச்சங்கிலி திரும்பிவந்து முதன்மைச் சங்கிலியின் நைட்ரஜனையே கட்டிப்போடுவதால், ஃபை −65 பாகையை ஒட்டிய குறுகிய பட்டையில் சிக்கிக்கொள்கிறது.

தடைப்பகுதியில் ஒரு புள்ளி விழுந்தால் அந்த அமைப்பு தவறு என்று பொருளா?

முதலில் சந்தேகப்பட வேண்டியது அமைப்பைத்தான். அணுக்கள் எங்கே உள்ளன என்று காட்டும் எலக்ட்ரான் அடர்த்திப் படம் மங்கலாக உள்ள இடத்தில் பெப்டைடு தளத்தைத் தலைகீழாகப் பொருத்திவிடுவது வழக்கமான பிழை. அதைச் சரியாகத் திருப்பியதும் புள்ளி தானே உள்ளே வந்துவிடும். நல்ல அமைப்பில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் விருப்பப் பகுதியில் இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு.

அடர்த்தி தெளிவாக இருந்தும் புள்ளி வெளியே நின்றால், அதைத் திருத்தாதீர்கள். அங்கே ஏதோ நடக்கிறது. எண்ணற்ற நொதிகளை உள்ளடக்கிய ஆல்ஃபா-பீட்டா ஹைட்ரோலேஸ் குடும்பத்தில், வினையைத் தொடங்கும் அமினோ அமிலம் ஒரு கூர்மையான வளைவின் நுனியில், வழக்கத்துக்கு மாறான ஃபை, சை கோணங்களோடு நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள பிணைப்புகள் அந்த இறுக்கத்துக்கு விலை கொடுத்து, வேலை நடக்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்திவைத்திருக்கின்றன. வரைபடம் விலையைச் சொல்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது புரதத்தின் பாடு.

சரி, ஒரு புள்ளிகூட வெளியே இல்லை. அப்படியானால் அமைப்பு சரிதானே?

அவசியம் இல்லை. வரைபடம் நல்ல நடுவராக இருந்ததற்குக் காரணமே, அமைப்பைப் பொருத்தும் மென்பொருள் பெரும்பாலும் ஃபை, சை கோணங்களைக் கட்டுப்படுத்தாததுதான். படத் தெளிவு குறைவாக இருக்கும்போது, குறிப்பாக உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வேலைகளில், ராமச்சந்திரன் வரைபடத்தையே ஒரு கட்டுப்பாடாகப் புகுத்துவது இப்போது உண்டு. அப்படிச் செய்துவிட்டு அதே வரைபடத்தைக் காட்டி 'சரியாக இருக்கிறது' என்பது, வினாத்தாளை முன்பே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்குச் சமம். புள்ளிகள் உள்ளே இருக்கின்றனவா என்பதோடு, அவை இயல்பான பரவலில் இருக்கின்றனவா, கட்டுப்பாடு பயன்படுத்தப்பட்டதா என்றும் கேளுங்கள்.

ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டது. இனி இந்த வரைபடம் எதற்கு?

செயற்கை நுண்ணறிவு கணிக்கும் அமைப்பையும் எதையாவது வைத்துச் சோதிக்கத்தான் வேண்டும். நம்பிக்கை மதிப்பெண் தாழ்ந்த பகுதிகளில் சங்கிலி எப்படி அலங்கோலமாகிறது என்பதை வரைபடத்தில் உடனே பார்க்கலாம். முந்தைய விடையின் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: அத்தகைய மென்பொருள், வரைபடத்தால் வடிகட்டப்பட்ட பல்லாயிரம் அமைப்புகளிலிருந்து கற்றது. ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: ஒரு புரதம் முழுமையாக எப்படி மடியும் என்று சொல்வதாக ராமச்சந்திரன் வரைபடம் எப்போதும் உரிமை கோரியதில்லை. ஒவ்வொரு மூட்டும் எங்கே போக முடியாது என்பது மட்டுமே அதன் பொறுப்பு.

சி.டி. ஸ்கேனுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் கருவியைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களிலிருந்து அதன் உட்புறத்தைக் கட்டியெழுப்புவது கணிதச் சிக்கல். நிழல்களை வந்த வழியே திருப்பி விரித்துக் கூட்டினால், ஒரு சிறு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாப் பக்கமும் ஒளிக்கீற்று நீண்ட நட்சத்திரம் போன்ற கறைதான் கிடைக்கும். ஒவ்வொரு நிழலின் இருபுறமும் தக்க அளவு குறைத்துவிட்டுப் பிறகு கூட்டினால் கறைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதை ஃபூரியர் மாற்றங்களின் நீண்ட கணக்கு இல்லாமல் நேரடியாகச் செய்யும் முறையை ஜி.என்.ஆரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்டார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967இல் இதை ஒத்த முறையை எழுதியிருந்தார்கள். இவர்கள் வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள்.

அதே 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படம் எடுத்தது. அது வேறு கணித முறையைப் பயன்படுத்தியது. ஆனால் பின்னர் வந்த கருவிகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது வடிகட்டித் திருப்பிக் கூட்டும் முறையே. படமாக்கல் மென்பொருள்களில் 'ராம்-லாக்' என்ற வடிகட்டி இன்றும் இருக்கிறது. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவரின் பெயர்களையும் சுருக்கியதே அது.

இவ்வளவு செய்தவருக்கு நோபல் பரிசு ஏன் தரவில்லை?

நோபல் பரிந்துரை ஆவணங்கள் 50 ஆண்டுகளுக்கு வெளியிடப்படுவதில்லை என்பதால், இதைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் ஊகங்களே. என் கணிப்பைச் சொல்கிறேன். கொலாஜனின் புகழ், மேலே கண்டபடி, மூன்று குழுக்களிடையே சிதறியது. வரைபடம் வந்த 1963இல் அமைப்பு தெரிந்த புரதங்கள் மயோகுளோபினும் ஹீமோகுளோபினும்தான். வைத்துச் சோதிக்கப் புரதங்களே இல்லாத காலத்தில் சோதனைக் கருவி பிறந்துவிட்டது. அதன் மதிப்பு, அமைப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகே கண்ணுக்குத் தெரிந்தது. சி.டி. ஸ்கேனுக்கான 1979 பரிசு கார்மேக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் போனதில் எனக்குக் குறை இல்லை. கார்மேக்கின் கணிதம் 1963-64லேயே வெளியானது.

கிடைத்தவை: 1961இல் பட்நாகர் பரிசு, 1977இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு.

சென்னையை விட்டு ஏன் போனார்? கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

சென்னையில் அவர் 1963இலும் 1967இலும் நடத்திய பன்னாட்டுக் கருத்தரங்குகள் உலகின் புரத ஆய்வாளர்களைக் கிண்டிக்கு அழைத்து வந்தன. முதலியார் 1969இல் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஜி.என்.ஆரும் பல்கலைக்கழகத்தை விட்டார். சில காலம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணி. 1971இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். கிண்டியின் படிகவியல், உயிர் இயற்பியல் துறையும் பெங்களூர்ப் பிரிவும் இன்றும் இயங்குகின்றன.

1970களின் இறுதியில் அவர் புரதங்களை விட்டுத் தர்க்கத்துக்குத் திரும்பினார். 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டோடு நில்லாத சமணரின் சியாத்வாதத்தையும் பூலியன் இயற்கணிதத்தையும் இணைத்து, வாக்கியங்களைத் திசையன்களாகவும் அணிகளாகவும் எழுதும் ஒரு முறையை உருவாக்க முயன்றார். அந்த வேலை பெரிதாகப் பரவவில்லை. பார்க்கின்சன் நோயும், 1998இல் மனைவி ராஜலட்சுமியின் மறைவும் இறுதி ஆண்டுகளைக் கடினமாக்கின.

இந்த வரைபடத்தை நானே போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். புரதத் தரவு வங்கியிலிருந்து எந்த அமைப்பையும் இலவசமாகப் பதிவிறக்கி, மூலக்கூறுகளைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றில் திறந்தால் ஃபை, சை கோணங்களை அதுவே கணக்கிட்டுப் புள்ளி வைக்கும். முதலில் மயோகுளோபினைப் போடுங்கள். புள்ளிகள் ஆல்ஃபா தீவில் மொய்த்துக்கொள்ளும். பிறகு கொலாஜனை ஒத்த பெப்டைடு ஒன்றைப் போடுங்கள். அதன் புள்ளிகள் ஆல்ஃபா தீவுக்குப் போகாது. மேலே இடப்பக்கத்தில், பீட்டா இழைகளுக்குச் சற்று வலப்புறமாக, ஃபை −70 பாகையை ஒட்டியும் சை 150க்கும் 175க்கும் இடையிலும் ஒரு சிறு கொத்தாக நிற்கும். 1955இல் இரண்டு குழுக்கள் வாதிட்டுக்கொண்டிருந்தது அந்தக் கொத்தின் இருப்பிடத்தைப் பற்றித்தான்.